மெடிக்கல் கோடிங்கா, ஆஸ்பத்திரி எம்.ஆர்.டி.யா: பி.எஸ்ஸி. முடித்தவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்த பெண். மெடிக்கல் கோடிங், அதாவது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை, சொல்லித்தரும் மையம் ஒன்று அறுபதாயிரம் ரூபாய் கேட்கிறது, வேலை உறுதி என்கிறது. தெரிந்த அக்கா ஒருவர், 'அதெல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரி எம்.ஆர்.டி.யில் (மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில்) சேர்' என்கிறார். வீட்டில் நைட் ஷிப்ட் கூடாது என்கிறார்கள். ஏ.ஐ. வந்துவிட்டதால் இரண்டுமே இன்னும் சில வருஷம்தான் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எதில் போவது?

முதலில் ஒன்று: அந்த அறுபதாயிரத்தை இப்போது கட்டாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் விலை போவது சான்றிதழ் அல்ல, ஒரு கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து, என்ன நடந்திருக்கிறது, என்ன எழுதப்படவில்லை என்று கண்டுபிடிக்கிற திறமைதான். எம்.ஆர்.டி., கோடிங், இன்சூரன்ஸ், தர ஆய்வு என்று எந்தக் கதவு வழியாகப் போனாலும் உள்ளே கேட்கப்படுவது இதுதான்.

எம்.ஆர்.டி. என்றால் பழைய கட்டுகளை அடுக்கிவைக்கும் அறை என்று பலர் நினைக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குள்ளேயே அப்படி நினைப்பவர்கள் உண்டு. அங்கே நடப்பதைச் சொல்கிறேன். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் வார்டிலிருந்து கேஸ் ஷீட் கீழே வரும். முகப்புத் தாள், டாக்டர் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துத் தாள், நர்ஸ் குறிப்பு, காய்ச்சல் சார்ட், லேப் ரிப்போர்ட், ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரு வரிசையில் கோக்கப்படும். அப்புறம் குறை பார்ப்பது: ஒப்புதல் படிவத்தில் சாட்சி கையெழுத்து இருக்கிறதா, ஆபரேஷன் குறிப்பில் நேரம் போட்டிருக்கிறதா, வலது காலா இடது காலா என்பது எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா. இல்லை என்றால் சம்பந்தப்பட்ட டாக்டரைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிசெய்யும்போதும் ஒயிட்னர் கூடாது, மேலே எழுதி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பழையது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். பின்னால் சேர்த்தது என்றால் பின்னால் சேர்த்தது என்றே எழுத வேண்டும். இருபத்திரண்டு வயதில் ஒரு சீனியர் சர்ஜன் முன்னால் போய் நின்று 'சார், இதில் டைம் போடவில்லை' என்று சொல்லும் தைரியம் இந்த வேலையின் பாதி.

குறை சரியானதும் நோய்க்கு ஐ.சி.டி. என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடு போட்டு, அட்டவணையில் ஏற்றி, ராக்குக்குப் போகும். அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. நம்பர் 45-67-89 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை, அதாவது 89-ஐ வைத்துத்தான் ராக்கைத் தேடுவோம். பிறகு 67, அதற்குப் பிறகு 45. புதிதாக வருபவர்கள் தலைகீழாக இருக்கிறதே என்று குழம்புவார்கள். முன்னாலிருந்து அடுக்கினால் இந்த மாதம் வந்த ஃபைல் எல்லாம் ஒரே மூலையில் குவிந்து, எல்லாரும் அந்த மூலையிலேயே முட்டிக்கொள்வார்கள். கடைசி இலக்கத்தை வைத்தால் நூறு பகுதிகளுக்கும் சமமாகப் பரவிவிடும். ஃபைலை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று ஒரு அட்டை செருக வேண்டும். ஸ்கேன் வந்த பிறகு ராக்கு வேலை குறைந்திருக்கிறது, ஆனால் நான் பார்த்தவரை முழுக்கக் காகிதம் இல்லாத ஆஸ்பத்திரி நம் ஊர்ப்பக்கம் இன்னும் அபூர்வம்தான்.

ஏன் இவ்வளவு கவனம்? அந்த ஃபைலைக் கேட்டு வருபவர்கள் அப்படிப்பட்டவர்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிமுறையில் இருக்கிறது. உள்நோயாளிப் பதிவைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைதான். போலீஸ் கேஸ் என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாததால் அந்த ஃபைல்களை அழிக்கவே பெரும்பாலான இடங்களில் துணிய மாட்டார்கள்.

விபத்துக் கேஸ்களை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் அடிபட்டு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள், பணியில் இருக்கும் டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், ஒரு வரி எழுதுகிறார். 'பைக்கில் போகும்போது வழுக்கி விழுந்ததாக' என்று எழுதுவதற்கும், 'பைக்கில் போகும்போது லாரி மோதியதாக' என்று எழுதுவதற்கும் வித்தியாசம் என்ன தெரியுமா? சில வருஷம் கழித்து விபத்து இழப்பீட்டு வழக்கில் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைக்குமா இல்லையா என்பதே அந்த வரியில் தொங்கும். யார் கூட்டிவந்தார், எத்தனை மணி, நினைவோடு இருந்தாரா, வாயில் மது வாடை இருந்ததா, எல்லாமே அப்படித்தான். இன்சூரன்ஸ் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். சம்மன் வந்தால் அசல் பதிவோடு கோர்ட்டில் போய், இது எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவுதான், இதில் எதுவும் மாற்றப்படவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்வது பல இடங்களில் எம்.ஆர்.டி. ஆள்தான். வேலைக்குச் சேரும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு எழுத்தை மாற்றித் தரச் சொல்லி ஆள் வரும், அழுதுகொண்டு வருபவர்களும் உண்டு, மிரட்டுபவர்களும் உண்டு. மாற்றக் கூடாது. இரக்கப்பட்டுக்கூட மாற்றக் கூடாது, நாளைக்கு அதே பதிவு இன்னொரு குடும்பத்துக்கு எதிராக மாற்றப்பட அது வழி திறந்துவிடும்.

சரி, இப்போது கோடிங். இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று புரிய ஒரே நோயாளியை இரண்டு இடத்திலும் பார்க்கலாம். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். நம்மூர் ஆஸ்பத்திரியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 படி ஈ-11.5 என்று போட்டால் கிட்டத்தட்ட முடிந்தது: இரண்டாம் வகை சர்க்கரை நோய், ரத்த ஓட்டம் சார்ந்த பாதிப்போடு. அதே நோயாளி அமெரிக்காவில் இருந்தால், அந்த சார்ட், அதாவது அவருடைய கேஸ் ஷீட், பில் போடுவதற்காகச் சென்னையில் ஒரு கோடரின் திரைக்கு வரும். அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் தனக்கென்று விரித்துக்கொண்ட ஐ.சி.டி.-10-ஐப் பயன்படுத்துகிறது, அதில் குறியீடுகள் மட்டும் 70,000-ஐத் தாண்டும். ஈ-11.621 என்று கால் புண்ணோடு கூடிய சர்க்கரை நோயைச் சொன்னால் போதாது. புண் எந்தக் காலில், எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்று இன்னொரு குறியீடு வேண்டும். வலது பாதத்தில் கொழுப்பு அடுக்கு தெரியும் அளவுக்குப் புண் என்றால் எல்-97.512, தோல் மட்டும் சிதைந்திருந்தால் எல்-97.511. நீண்ட நாளாக இன்சுலின் போட்டால் அதற்கு இசட்-79.4 தனி. டாக்டர் ஆழத்தை எழுதவில்லை என்றால் நீங்களாக ஊகித்துப் போட முடியாது, எழுதியதை வைத்துத்தான் போட வேண்டும், தேவைப்பட்டால் டாக்டரிடம் கேள்வி அனுப்ப வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்திருந்தால் அந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சி.பி.டி. குறியீடு, அதுவும் எந்த அடுக்கு வரை வெட்டினார்கள், எத்தனை சதுர சென்டிமீட்டர் என்பதைப் பொறுத்து மாறும்.

கவனித்தீர்களா, இங்கே கேட்கப்படுவது தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது, கொழுப்பு எது, தசை எது, எலும்பு எது என்ற அறிவுதான். விலங்கியல் படித்த உங்களுக்கு இதில் ஒரு கை முன்னிலை இருக்கிறது. இதை மையங்கள் சொல்வதில்லை. குறியீட்டுப் புத்தகத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், உடலியலை இரண்டு வாரத்தில் ஓட்டிவிடுகிறார்கள். சி.பி.சி. என்ற கோடர் சான்றிதழுக்கான தேர்வு புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு: 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மனப்பாடம் அங்கே எடுபடாது, கேள்வியில் இருக்கும் ஆபரேஷன் குறிப்பை வேகமாக வாசித்துப் புரிந்துகொள்பவர்தான் பாஸ் ஆகிறார்.

அந்தத் தேர்வையும் இப்போதே எழுத வேண்டியதில்லை. கட்டணம் டாலரில், அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் பயிற்சி நிலை என்பதைக் காட்டும் ஒரு 'ஏ' ஒட்டிக்கொண்டு வரும், அனுபவத்தைக் காட்டிய பிறகுதான் அதை எடுப்பார்கள். சென்னை, கோவை, திருச்சியில் உள்ள பெரிய கோடிங் நிறுவனங்கள் உயிரியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்தவர்களைச் சான்றிதழ் இல்லாமலேயே எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுப்பது வழக்கம். முதலில் அந்த நேர்காணல்களுக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, பாண்டு எத்தனை மாதம், எந்தப் பிரிவில் போடுவார்கள். அசல் மார்க் ஷீட்டை யார் கேட்டாலும் ஒப்படைக்காதீர்கள், சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் அசலைக் கொடுத்துவிட்டு, வேறு வேலை கிடைத்தும் மாதக்கணக்கில் அலைந்தார், பயிற்சிப் பணத்தைத் திருப்பிக் கட்டிய பிறகுதான் கைக்கு வந்தது.

பிரிவு ஏன் முக்கியம் என்றால், அங்கேதான் உங்கள் நண்பர்கள் சொல்லும் ஏ.ஐ. பயம் வருகிறது. பயம் வெறும் புரளி இல்லை. 2000-ஐ ஒட்டி மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு அலை அடித்தது, நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும், அமெரிக்க டாக்டர் பேசியதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை, தெருவுக்குத் தெரு பயிற்சி மையம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும் தட்டச்சு செய்தவர்கள் திருத்துபவர்கள் ஆனார்கள், அப்புறம் திருத்துபவர்களும் குறைந்தார்கள். கோடிங்கிலும் ஒரே மாதிரி வரும் சார்ட்டுகள், எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் போன்றவை மென்பொருளுக்கு முதலில் போகின்றன. ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று எண்ணிக்கையை மட்டும் துரத்துகிற வேலை எதுவோ அது முதலில் கரையும் என்பது என் கணிப்பு. நிற்கப்போவது எது என்றால், பல நாள் உள்நோயாளியாக இருந்தவரின் முழு சார்ட்டையும் பார்த்துக் குறியீடு போடுவது, பெரிய ஆபரேஷன்கள், இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துத் திருப்பிய பில்லை ஏன் மறுத்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பது, மென்பொருள் போட்டதைத் தணிக்கை செய்வது. இவை எல்லாவற்றுக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும். அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். எளிய பிரிவில் சேர்ந்தாலும் பரவாயில்லை, ஒரு வருஷத்துக்குள் கடினமான பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மறுபக்கம், நம்மூர் ஆஸ்பத்திரிகளில் இந்த வேலை பெருகிக்கொண்டிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-லிருந்து ஓடுகிறது, தனியார் இன்சூரன்ஸும் பரவிவிட்டது, ஒவ்வொரு கிளெய்முக்கும் கேஸ் ஷீட் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். கால் புண்காரருக்கு ஆபரேஷன் செய்த பிறகு 'சர்க்கரை எத்தனை வருஷமாக?' என்ற ஒற்றைக் கேள்வியில் கிளெய்ம் நின்றுபோவதைத் தினமும் பார்க்கலாம். ஒரு தாளில் ஐந்து வருஷம், இன்னொரு தாளில் பத்து வருஷம் என்று இருந்தால் அவ்வளவுதான். ஆஸ்பத்திரித் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் வேண்டும் என்றால் மருத்துவப் பதிவுகளைத் தணிக்கை செய்து காட்டியாக வேண்டும். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண் மூலம் ஒருவருடைய பதிவுகளை இணைக்கப் பார்க்கிறது, 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம், நோயாளி அனுமதி கொடுத்தாரா என்று கவனிக்க ஆள் வேண்டும், மருத்துவமும் கம்ப்யூட்டரும் இரண்டும் கொஞ்சம் தெரிந்த ஆள். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டத்திலும் சுகாதாரத் தகவல் மேலாண்மை தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆனால் சம்பளத்தில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை: தனியார் ஆஸ்பத்திரி எம்.ஆர்.டி.யில் ஆரம்பச் சம்பளம் கோடிங்கைவிடப் பொதுவாகக் குறைவு, உயர்வும் மெதுவாகத்தான். சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் எம்.ஆர்.டி. என்று பெயர் வைத்து ரிசப்ஷன், பில்லிங் எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். இதை ஏற்றுக்கொள்ளலாம் என்றால் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எய்ம்ஸ், ஜிப்மர், இ.எஸ்.ஐ. போன்ற இடங்களில் மெடிக்கல் ரெக்கார்டு பணியிடங்கள் உண்டு, அங்கே கதை வேறு, ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், அதில் கேட்கும் தகுதி ஒவ்வொரு இடத்துக்கும் மாறும்.

படிப்பு என்று போனால் வேலூர் சி.எம்.சி. இந்தத் துறைக்கு நம் நாட்டிலேயே பழைய, நல்ல பெயர் எடுத்த இடம். டிகிரி முடித்தவர்களுக்கான டிப்ளமோ இருக்கிறதா, அந்த வருஷம் எத்தனை இடம் என்று அவர்களுடைய சேர்க்கை அறிவிப்பைப் பாருங்கள். மணிப்பாலில் சுகாதாரத் தகவல் மேலாண்மையில் எம்.எஸ்ஸி. வரை படிக்கலாம், செலவு அதிகம். சுகாதாரப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் மத்திய அரசின் சி.பி.எச்.ஐ. அமைப்பு சார்பில் டெல்லி சப்தர்ஜங்கிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் நடக்கும் பயிற்சிகள், டெக்னீஷியனுக்கு 6 மாதம், ஆபீசருக்கு 1 வருஷம், பெரும்பாலும் ஏற்கெனவே ஆஸ்பத்திரிப் பணியில் இருப்பவர்களை மனதில் வைத்து நடத்தப்படுபவை. அறுபதாயிரத்தை எதிலாவது போடத்தான் வேண்டும் என்றால், பல்கலைக்கழகம் பெயர் போட்ட ஒரு சான்றிதழில் போடுங்கள், மூன்று மாத மையத்தில் வேண்டாம். 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், பேச்சு உடனே மாறும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை, இந்த வேலை எதற்கு என்று எனக்குப் புரியவைத்தது அதுதான். ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் படிவம் 4-ல் இறப்புக்கான காரணத்தை டாக்டர் எழுத வேண்டும். உடனடிக் காரணம் ஒரு வரி, அதற்குக் காரணம் அடுத்த வரி, அடிப்படைக் காரணம் அதற்கும் கீழே. நான் மேலே சொன்ன கால் புண்காரர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். கிருமி ரத்தத்தில் பரவியது, அது கால் அழுகியதால், அது சர்க்கரை நோயால் என்று மூன்று வரி வர வேண்டும். அவசரத்தில் 'இதயமும் சுவாசமும் நின்றன' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நாடு முழுக்க இருக்கும் பழக்கம். யார் செத்தாலும் இதயமும் சுவாசமும் நிற்கத்தானே செய்யும்? அந்த ஒற்றை வரியோடு படிவம் போய்விட்டால் சர்க்கரை நோய்க் கணக்கில் அந்த மனிதர் இல்லை. எந்த மாவட்டத்தில் எந்த நோய்க்கு எவ்வளவு மருந்து, எத்தனை டாக்டர் என்று திட்டமிடுபவர்கள் கையில் இருப்பது இந்தக் கணக்குதான். படிவத்தைத் திருப்பி அனுப்பி, 'சார், அடிப்படைக் காரணம் எழுதிக் கொடுங்கள்' என்று கேட்கிற ஆள் எம்.ஆர்.டி.யில் இருந்தால் அது நடக்கும், இல்லை என்றால் நடக்காது.

நைட் ஷிப்ட் விஷயத்துக்கு வருகிறேன், வீட்டில் சொல்ல உதவும். மையங்களின் விளம்பரத்தில் மெடிக்கல் கோடிங், மெடிக்கல் பில்லிங், ஏ.ஆர். காலிங் மூன்றையும் ஒரே வேலைபோல் போடுவார்கள். ஏ.ஆர். காலிங் என்பது (இந்த ஏ.ஆர். வேறு, விபத்துப் பதிவேடு அல்ல, வரவேண்டிய பணம்) அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து பணம் ஏன் வரவில்லை என்று கேட்பது, அங்கே பகல் என்றால் இங்கே இரவு, அதனால் அது நைட் ஷிப்ட்தான், தப்பிக்க முடியாது. கோடிங்கில் யாரிடமும் பேச வேண்டியதில்லை, பெரும்பாலான இடங்களில் பகல் வேலை, சில இடங்களில் மதியம் தொடங்கி இரவு முடியும். எம்.ஆர்.டி.யும் பொதுவாகப் பகல்தான், பெரிய ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரிவுக்கு ஃபைல் எடுத்துக் கொடுக்க முறை வைத்து இரவில் ஒருவர் இருப்பார். நேர்காணலில் 'எந்தப் பணி' என்று கேட்டு, ஆஃபர் லெட்டரில் பணியின் பெயரும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கோடிங் என்று எடுத்துக் காலிங்கில் உட்காரவைப்பது நடக்கிற விஷயம்.

என்னிடம் கேட்டால், உங்கள் நிலையில் முதலில் கோடிங் நேர்காணல்களுக்குப் போவேன், பயிற்சியோடு வேலை கிடைத்தால் சேர்ந்து, இரண்டு வருஷம் கழித்து அவர்கள் காசிலோ என் காசிலோ சி.பி.சி. எழுதுவேன். அதற்குள் உடலியல், நோயியல் இரண்டையும் நர்சிங் மாணவிகளின் பழைய புத்தகம் வாங்கியாவது தினமும் கொஞ்சம் படிப்பேன். கிடைக்காவிட்டால் திருநெல்வேலியிலோ மதுரையிலோ நூறு படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரி எம்.ஆர்.டி.யில் சேர்ந்து, சி.எம்.சி. அறிவிப்பு வரும்வரை அங்கே இருப்பேன். அந்த அக்காவிடம் ஒன்று கேளுங்கள், அவர் ஆஸ்பத்திரியில் குறை பார்க்கும் செக்லிஸ்ட் ஒன்று இருக்கும். நோயாளி விவரம் எதுவும் இல்லாத வெற்றுத் தாள்தான், வெளியே கொடுப்பதில் தப்பில்லை என்று அவர் மேலதிகாரி சொன்னால் ஒரு நகல் வாங்கிப் படியுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களுக்கு ஆர்வம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சேருங்கள், வராவிட்டால் இந்தத் துறையே வேண்டாம், பி.எட். பக்கம் போங்கள்.